பெரியவீடு குடும்பம் குரூப்

பெரியம்மா: ராஜா அப்பாவுக்கு ஜன்னல் கம்பி வளைஞ்சு வளைஞ்சு தெரியுதாம். காலைல அடுப்புச் சாம்பல் பறந்து இடது கண்ணுல விழுந்துச்சு, அதைப் பொத்திக்கிட்டு வலது கண்ணால பாத்தப்பதான் தெரிஞ்சிருக்கு

செல்வி அத்தை: ஐயோ மதினி. அந்த வலது கண்ணுலதான போன வருசம் பொறை எடுத்து லென்ஸ் வச்சோம்

முருகன் சித்தப்பா: லென்சு நகந்திருக்கும். ஞாயித்துக்கிழமை சாமி கும்பிடு முடியட்டும் பாப்போம்

கவிதா: சித்தப்பா தள்ளிப்போடாதீங்க. லென்ஸ் இருக்கிறது கண்ணுக்கு முன்பக்கம், கோடு வளைஞ்சு தெரிஞ்சா பின்னாடி விழித்திரை நடுவுல, நாங்க மேக்குலான்னு சொல்வோம், அங்க கோளாறா இருக்கலாம், வயசாக ஆக அந்த எடம் தேயும், சிலருக்குப் புதுசா ரத்தக்குழா முளைச்சு கசியும், கசிஞ்சா சில வாரத்துலயே நடுப்பார்வை போயிரலாம், சீக்கிரம் ஊசி போட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம். பெரியம்மா, இடது கண்ணை மூடிட்டு உங்க மொகத்தைப் பாக்கச் சொல்லுங்க

பெரியம்மா: மூக்குக்கிட்ட மங்கலா இருக்காம். தோடு ரெண்டும் நல்லாத் தெரியுதாம்

கவிதா: நடுவுல மட்டும் மங்குது, அதான் பயமா இருக்கு. நாளைக்கே மதுரை போயிரணும்

ராஜா அண்ணன் துபாய்: அம்மா, கண்ணுக்கு விட்டமின் பாட்டில் குடுத்துவிட்டேன்ல, அதை ரெண்டு வேளை குடுங்க

கவிதா: அண்ணா லேபிளைப் பாருங்க, பீட்டா கரோட்டின், அதான் கேரட்ல இருக்கிற சத்து, அது இருந்தா பெரியப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். பீடி குடிக்கிறவங்களுக்கு அந்த மாத்திரை நுரையீரல் கேன்சர் வாய்ப்பைக் கூட்டும். 2013ல வந்த ஏரெட்ஸ் 2ங்கிற கண் விட்டமின் ஆய்வுல அதுக்குப் பதிலா லூட்டின், சியாசாந்தின்னு வேற சத்து குடுத்துப் பாத்தாங்க. அதுவும் இந்த மேக்குலா தேயுற நோய் பாதி வந்தவங்களுக்கு முத்தாம இருக்கத்தான், வராமத் தடுக்காது

சாந்தி சித்தி: அப்ப கேரட் ஜூஸ் குடிக்கக்கூடாதா?? நான் தினம் போடுறேனே

கவிதா: கேரட் தாராளமா சாப்பிடுங்க சித்தி, மாத்திரையத்தான் சொன்னேன். முருங்கைக்கீரை, மத்தி மீன் எல்லாம் நல்லது

செல்வி அத்தை: பின்னாடி முருங்கை நின்னுச்சே. வெட்டுனது யாரு

முருகன் சித்தப்பா: கம்பளிப்பூச்சி அடைஞ்சுச்சு வெட்டுனேன். இப்ப அது எதுக்கு

செல்வி அத்தை: அம்மா வச்ச மரம்

கவிதா: அத்தை ப்ளீஸ். கீரையவிட முக்கியம் பீடிதான், புகை பிடிக்கிறவங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு ரெண்டுலருந்து நாலு மடங்கு. இப்ப விட்டாக்கூட அந்த இன்னொரு கண்ணுக்கு நல்லது

பெரியம்மா: நாப்பது வருசமா நானும் சொல்றேன். கட்டுக் கட்டா வாங்கிக் குடுக்குறவங்க இந்த குரூப்லயே இருக்காங்க

முருகன் சித்தப்பா: அண்ணன் கேட்டா எப்படி மதினி இல்லைங்கிறது

ராஜா அண்ணன் துபாய்: பாட்டில் போட்டோ பாத்தேன். பீட்டா கரோட்டின் இருக்கு. அம்மா தொடாதீங்க

முருகன் சித்தப்பா: வண்டி கிடா ஏத்தப் பேசியிருக்கு. ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை அண்ணன் கோயில்ல நிக்கலாமா கூடாதா? மூத்தவர் இல்லாம எப்படி வெட்டுறது

கவிதா: டாக்டர்ட்ட கேப்போம் சித்தப்பா. தூசி, தண்ணி படக்கூடாதும்பாங்க

சாந்தி சித்தி: அடுத்த அமாவாசைக்கு மாத்தலாமே

செல்வி அத்தை: பத்திரிகை குடுத்தாச்சு சாந்தி

பெரியம்மா: அவரு ஜன்னல்கிட்டயே நின்னு ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பாக்குறாரு

முருகன் சித்தப்பா: சரி மதினி நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். கிடாவை அப்புறம் பாப்போம்

கவிதா: பழைய ஆபரேஷன் ஃபைலை எடுத்துக்குங்க. சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் இருக்கும், தனியா விட்றாதீங்க. நான் மாட்டுத்தாவணில நிக்கிறேன்