புதுப்பிப்பு: எக்ஸ்ரேயில் தெரியாத மூட்டழற்சி

ஹற்றனில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பிக்கு, விடியலில் முதுகு விறைத்து, நடமாடினால் தளரும் வலி இருந்தும் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாததால், எம்.ஆர்.ஐ. அவசியமா என்று முன்னர் கேட்டிருந்தேன். கண்டியில் அதை எடுத்தோம். இடுப்பின் பின்புறமுள்ள சாக்ரோஇலியாக் மூட்டுகள் இரண்டிலும் எலும்பு மச்சை வீக்கம் (எலும்பின் உட்பகுதியில் நீர் கோத்தல், அழற்சியின் அடையாளமாகலாம்) தெரிந்தது.

எக்ஸ்ரே காட்டுவது அரிப்பு (எலும்பு அரிக்கப்படுதல்), எலும்புத் தடிப்பு, மூட்டு ஒட்டிப்போதல் போன்ற நிலைத்த சேதத்தை மட்டுமே; அவை தோன்றப் பல வருடங்கள் ஆகலாம். அம்மூட்டு வளைந்திருப்பதாலும் குடல் வாயு மறைப்பதாலும், ஒரே படத்தை இரு வைத்தியர்கள் வெவ்வேறாக வாசிப்பதும் உண்டு. முதுகெலும்பைப் பாதிக்கும் இத்தகைய மூட்டழற்சியை அடையாளங்காணும் 1984இன் நியூயோர்க் வரையறை எக்ஸ்ரேயையே நம்பியிருந்தது. இந்நோய்க்கான சர்வதேச நிபுணர் குழுவான ஏசாஸின் (ASAS) 2009 வரையறை எம்.ஆர்.ஐ.யில் தெரியும் அழற்சியையும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் மச்சை வீக்கம் மட்டும் போதாது என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது. பிரசவித்த பெண்களிடமும் கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களிடமும் அது தென்படுவதுண்டு என்பதால், கொழுந்து மூட்டை தூக்கும் தம்பியின் விடயத்தில், வாதநோய் வைத்திய நிபுணர் வீக்கத்தின் பரப்பையும் டி1 படத்திலிருந்த (எலும்பின் அமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. பட வகை) சிறு அரிப்புகளையும் சேர்த்துப் பார்த்தே இது மூட்டழற்சிதான் என்ற முடிவுக்கு வந்தார்.

சி.டி. அரிப்பை எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகக் காட்டும், ஆயினும் நடப்பு அழற்சியைக் காட்டாது, கதிர்வீச்சும் உண்டு. ஆகவே அதை இப்போது எடுக்கவில்லை. அழற்சி தணிக்கும் மாத்திரையும் உடற்பயிற்சியும் ஆரம்பித்தாயிற்று.