புதுப்பிப்பு: வட்டத்துக்குள் சிலுவை இருந்த அந்தச் சின்னம்

லண்டன் பழம்பொருள் சந்தையில் வாங்கிய வெண்கலச் சின்னத்தின் படத்தைப் போட்டு, இது யாருடையது என்று முன்பு கேட்டிருந்தேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற முதலுதவி அமைப்புடையது என்றே பலரும் சொன்னீர்கள். ஆனால் செயின்ட் ஜான் சிலுவைக்கு எட்டு முனைகள் உண்டு. கரங்களுக்கு இடையே சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருக்கும். என் சின்னத்தில் அவை எதுவும் இல்லை.

இது 'ஃபேனி' எனப்படும் பிரிட்டிஷ் பெண்கள் தொண்டர் படையின் சின்னம். 1907-இல் தொடங்கிய படை. காயம்பட்ட வீரர்களைக் குதிரையில் சென்று மீட்பதுதான் முதல் திட்டம். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவம் இவர்களை ஏற்கவில்லை. ஆனால் இவர்கள் வீட்டில் உட்காரவில்லை! அக்டோபரில் பிரான்சின் கலே நகருக்குப் போய், லமார்க் மருத்துவமனையில் பெல்ஜிய வீரர்களைக் கவனித்தார்கள். மறுத்த அதே ராணுவத்துக்காக 1916 ஜனவரி முதல் கலேயில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் உளவாளி நூர் இனாயத் கானும் பிற்பாடு இந்தப் படையில் சேர்க்கப்பட்டவர்தான்.

சின்னத்துக்குப் பாலிஷ் போடப்போவதில்லை. வெண்கலத்தின் பழைய நிறம் அப்படியே இருக்கட்டும்.