செங்குத்து நீராவி இன்ஜின் காஸ்டிங் கிட்: சிலிண்டர் போரிங்கில் டூல் முனை உடைகிறது

வேளச்சேரி_மினிலேத்:

வணக்கம். 3/4 அங்குல போர் (சிலிண்டர் துளை), 3/4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஒற்றைச் சிலிண்டர் செங்குத்து இன்ஜின் கிட், வார்ப்புகளை நாமே கடைந்து சேர்க்க வேண்டியது. ஸ்டூவர்ட் 10வி என்ற மாடல் இன்ஜின் தெரிந்தவர்களுக்கு அளவு பிடிபடும். 7க்கு 14 அங்குல மினி லேத், நாலு ஜா சக், ஃபேஸ்பிளேட், வெர்டிகல் ஸ்லைடு இருக்கிறது. மில்லிங் மெஷின் இல்லை.

சிலிண்டர் வார்ப்பை நாலு ஜாவில் பிடித்து, 8 மி.மீ. பாரில் பிரேஸ்டு கார்பைடு முனையோடு 600 ஆர்.பி.எம்.மில் போர் செய்தால், துளையின் ஒரு பக்கம் வெட்டுப்படாமல் பளபளவென்று தேய்ந்து நிற்கிறது. முனை சில்லுச் சில்லாகப் போகிறது. மற்ற சந்தேகங்கள்: எந்த முகத்தை முதலில் முடிப்பது? டிராயிங்கில் எல்லாம் 7 பி.ஏ., 5 பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் அளவு) திரெட். பாரிமுனையில் மெட்ரிக் டேப்தான் கைக்கு வருகிறது, எம்2.5 போடலாமா? பிஸ்டனுக்கு ஓ ரிங்கா, கிராஃபைட் கயிறா?

அம்பத்தூர்_டர்னர்:

முதலில் அந்தப் பளபளப்பை அரத்தால் தொட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது சில் ஆன, அதாவது கெட்டிப்பட்ட இரும்பு: வார்ப்பு மெல்லிய இடத்தில் சீக்கிரம் ஆறி, கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாமல் கார்பைடாகவே நின்றுவிட்டது. அரம் கரகரவென்று கடித்தால் வெறும் மணல் தோல்தான். மணல் என்றால் பழைய அரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, முதல் வெட்டே தோலுக்குக் கீழே போகிற மாதிரி முக்கால் மி.மீ. ஆழம் கொடுங்கள். பயந்து பயந்து 0.1 எடுத்தால் முனை மணலிலேயே உரசிச் சாகும்.

சில் என்றால் எந்த டூலாலும் சண்டை போடாதீர்கள். கரி அடுப்பில் ஊதி, மங்கிய செர்ரிச் சிவப்புக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரமாவது அந்த நிறத்திலேயே வைத்து, உலர்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் எடுங்கள். நிழலில் செய்யவும். வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அளவுக்கு மீறிச் சூடேற்றிவிடுவீர்கள். எந்த முகத்தையும் ஃபினிஷ் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். சூட்டில் செதில் வரும், வார்ப்பு கொஞ்சம் நெளியவும் செய்யும்.

முனையையும் பாருங்கள். கடையில் சும்மா "கார்பைடு" என்று கேட்டால் ஸ்டீலுக்கான பி30 கொடுத்துவிடுவார்கள். காஸ்ட் அயர்னுக்குக் கே20 கேட்டு வாங்கவும். மினி லேத்துக்கு என் ஓட்டு நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்குத்தான்: 19 மி.மீ. துளைக்கு 300 ஆர்.பி.எம்., 76 மி.மீ. ஃப்ளைவீல் விளிம்புக்கு 75 ஆர்.பி.எம். கூலன்ட் வேண்டாம், உலர்வாகவே வெட்டுங்கள். அந்தக் கருந்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் லேத் பெட்டைத் தின்னும் லேப்பிங் பேஸ்ட் ஆகிவிடும். பெட்டைக் காகிதத்தால் மூடி, வேலை முடிந்ததும் பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தால் தூளை அள்ளிவிடுங்கள்.

செட்டிங்கில் கோர் துளையை (வார்க்கும்போதே மணல் கருவால் விட்ட துளை) நம்பாதீர்கள். கோர் எப்போதும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இரண்டு ஃபிளாஞ்சின் வெளிவட்டத்தையும் போர்ட் (நீராவி போய்வரும் வாசல்) பக்கச் சுவரின் கனத்தையும் பார்த்து மையம் பிடியுங்கள். கோர் ஒருபக்கமாக இருப்பதால் பார் வளையும், துளையும் கோரைப் பின்தொடரும். பாதி மி.மீ. மிச்சம் இருக்கும்போதே அதை வட்டமாக்கிவிட்டு, கடைசி 0.1ஐ இரண்டு வெட்டாக எடுத்து, டூலைத் தொடாமல் அதே செட்டிங்கில் இன்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள். பார் 8 மி.மீ. போதாது, நுழைகிற அளவுக்குப் பெரிதாக 12 போடலாம். போர் 19.05க்குப் பதில் 19.2 வந்தாலும் கவலையில்லை, பிஸ்டனை அதற்குத் தகுந்தபடி கடைந்துகொள்ளலாம். சாய்வு மட்டும் வரக்கூடாது.

போர் முடிந்ததும் சக்கைத் தளர்த்தாமல் அந்த முகத்தை ஃபேஸ் செய்யுங்கள். அதுதான் ஸ்டாண்டர்டின் (சிலிண்டரைத் தாங்கும் தூணின்) மேல் உட்காரும் கீழ் ஃபிளாஞ்ச். மறுமுனைக்கு, சக்கில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை 0.02 மி.மீ. சாய்வோடு கடைந்து, அதைக் கழற்றாமல் சிலிண்டரை அதன்மேல் இறுக்கமாக ஏற்றி ஃபேஸ் செய்தால் இரண்டு முகமும் போருக்குச் செங்குத்தாக வரும். ஸ்டாண்டர்டிலும் இதே கதைதான்: கிராஸ்ஹெட் கைடு துளையும் (பிஸ்டன் ராடின் கீழ்முனை ஓடும் வழி) மேல்முகமும் ஒரே செட்டிங்கில் முடிய வேண்டும். இல்லையென்றால் ராடு கிளாண்டில் (ராடு வெளியே வரும் இடத்தின் நீராவி அடைப்பில்) இழுக்கும்.

பெரம்பூர்_ஃபிட்டர்:

மேலே சார் சொன்னதில் போர்ட் முகம் (வால்வ் வழுக்கி ஓடும் தட்டை) விட்டுப்போயிற்று. ஃபேஸ்பிளேட்டில் ஆங்கிள் பிளேட் போட்டு, முடித்த ஃபிளாஞ்சை அதன்மேல் வைத்து, போர் வழியாக ஒரே போல்ட்டில் இறுக்குங்கள். போர்ட் முகம் தானாகவே போருக்கு இணையாக வந்துவிடும். எதிர்ப்பக்கம் எடை கட்ட மறக்காதீர்கள். பிறகு தடித்த கண்ணாடியில் 400 வாட்டர் பேப்பரை ஒட்டி, எட்டு வடிவத்தில் தேயுங்கள். போர்ட்டுகளை வெர்டிகல் ஸ்லைடில், 2 மி.மீ.க்குக் குறைவான ஸ்லாட் டிரில்லால், லேத்தின் முழு வேகத்தில், ஒரு தடவைக்கு 0.15 மி.மீ. ஆழமாக இறக்குங்கள். வயர் கட் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போர்ட் ஊடுருவிப் போகாத பள்ளம், வயர் நுழைய வழியில்லை.

சிலிண்டர் முனையிலிருந்து போர்ட்டுக்குச் சாய்வாகப் போகும் நீராவி வழியில்தான் டிரில் உடையும். போரின் விளிம்பில் அரத்தால் சின்னத் தட்டை எடுத்து அதில் தொடங்குங்கள். கவரின் உள்விளிம்பு அந்த வழியை மூடாமல் அதே இடத்தில் அரைவட்ட வெட்டு வேண்டும், கேஸ்கெட்டிலும் வேண்டும். "காற்று கொடுத்தும் சுற்றவில்லை" என்று வரும் இன்ஜின்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

திரெட்: 7 பி.ஏ. 2.5 மி.மீ. விட்டம், 0.48 பிட்ச். எம்2.5க்கு 0.45. கிட்டோடு வந்த ஸ்க்ரூவை எம்2.5 துளையில் திருகினால் நாலு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், பிறகு வார்ப்பில் திரெட் போய்விடும். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டிரில் 2.1 போதும். லிங்கிச் செட்டித் தெருவில் மூன்று டேப் செட்டாகவே கேளுங்கள், அடியில் அடைபட்ட துளைக்குக் கடைசி டேப் இல்லாமல் முடியாது. ஒரே தொல்லை, எம்2.5 ஹெக்ஸ் தலை 5 மி.மீ. அகலம், 7 பி.ஏ. சுமார் 4.4 தான். ஃபிளாஞ்சில் ஸ்பேனர் நுழையுமா என்று முன்பே பாருங்கள், நுழையாவிட்டால் தலையைக் கடைந்து சிறிதாக்குங்கள்.

ஓ ரிங்: காற்றில் மட்டும் ஓட்டினால் சாதா நைட்ரில் போதும். 2 பார் நீராவி 134 டிகிரி சூடு, அதற்கு வைட்டான் வேண்டும். ஆனால் இவ்வளவு சின்ன இன்ஜினில் ரிங் கொஞ்சம் இறுக்கமானாலும் பாதி சக்தி உரசலிலேயே போகும். நான் கிராஃபைட் கயிறு பக்கம். பிஸ்டனை ராடில் திருகிய பிறகு, ராடைப் பிடித்து வெளிவட்டத்தை முடியுங்கள். போரைவிட 0.04 மி.மீ. சிறிதாக இருக்கட்டும்.

வேளச்சேரி_மினிலேத்:

அரம் வழுக்குகிறது, சில்தான். கே20ஓடு நெருப்பும் போட்டுவிடுகிறேன். வால்வ் டைமிங்குக்கு டிராயிங்கில் கோணமே இல்லையே? கையால் எப்படி வைப்பது?

பெரம்பூர்_ஃபிட்டர்:

கோணம் தேவையில்லை. ஸ்டீம் செஸ்ட் (வால்வ் இருக்கும் பெட்டி) கவரைக் கழற்றி வைத்து, ஷாஃப்டில் எக்சென்ட்ரிக்கை (வால்வை ஆட்டும், மையம் விலகிய வட்டு) மட்டும் சுற்றுங்கள். வால்வ் மேலே போகும்போது கீழ்ப் போர்ட் திறக்கும் அளவும், கீழே வரும்போது மேல் போர்ட் திறக்கும் அளவும் சமமாக வரும்வரை வால்வ் ஸ்பிண்டில் நட்டைத் திருகுங்கள். அதன் பிறகு நட்டைத் தொடக்கூடாது. இப்போது பிஸ்டனை மேல் டெட் சென்டரில் (பயணத்தின் உச்சியில்) நிறுத்தி, இன்ஜின் சுற்ற வேண்டிய திசையிலேயே எக்சென்ட்ரிக்கை நகர்த்துங்கள். மேல் போர்ட் ஒரு மயிரிழை தெரிந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். கிராங்க்குக்கு 90 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் நிற்கும். கீழ் டெட் சென்டரிலும் அதே மயிரிழை தெரிய வேண்டும்.

அம்பத்தூர்_டர்னர்:

ஒரு சேர்க்கை. வால்வ் அந்த நட்டில் தளர்வாக, முகத்தை நோக்கி முன்பின் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும். செஸ்ட்டில் உள்ள அழுத்தம்தான் அதை முகத்தோடு அமுக்குகிறது. நட்டு இறுக்கமாக இருந்தால் வால்வ் எழும்பியே நிற்கும், எக்ஸாஸ்ட்டில் காற்று சீறிக்கொண்டே இருக்கும். பிஸ்டனுக்கும் கவருக்கும் இரண்டு முனையிலும் 0.8 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, அதன் பிறகு கம்ப்ரஸரில் 1 பார் கொடுங்கள். கிளாண்ட் நட்டு விரல் இறுக்கம் போதும். நீராவியில் ஓட்டி நிறுத்தியதும் காற்றை ஊதி ஈரம் எடுத்து, உள்ளே ஸ்டீம் ஆயில் விட்டு நாலு சுற்று சுற்றி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் தேய்த்த போர்ட் முகம் ஒரே ராத்திரியில் பழுப்பாகிவிடும்.