அப்டேட்: 50 ஆயிரம் ரூவா கேமிங் பிசி ஒருவழியா ஓடுது
50 ஆயிரத்துக்குள்ள கேமிங் பிசி போடணும், எதுல காசு மிச்சம் புடிக்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். ப்ராசசர் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, கும்பகோணத்துல செகண்ட் ஹேண்ட்ல கெடச்ச ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் டூயல் சேனலுக்காக (ரெண்டு ரேமும் சேந்து ஓடுனா வேகம் கூடும்) 8+8 ஜிபி. மாட்டி ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரேமை கழட்டி மாட்டி கழட்டி மாட்டி கடைசில பாத்தா மானிட்டரோட ஹெச்டிஎம்ஐ வயரை மதர்போர்டுல சொருகிருக்கேன், 5600லதான் உள்ளயே கிராஃபிக்ஸ் கெடையாதே, கார்டுல மாத்தி சொருகுனதும் வந்துடுச்சு (சிரிக்காதீங்கய்யா). பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணல, 550 வாட் நல்லதா வாங்கிட்டேன், எங்க ஊர்ல பம்புசெட்டு ஓடுற நேரம் வோல்டேஜ் ஏறி எறங்கும். இப்ப குறுவை அறுப்பு வேற, பிசி ஃபில்டர்ல வைக்கோத்தூசி அப்பிக்கெடக்கு, வாரம் ஒருதடவ தட்டுறேன்.