குழந்தை ஞானஸ்நானத்துல தாய்மாமன் நிக்கக்கூடாதாம்! ஆர்.சி - லுத்தரன் வீட்டுப் பிரச்சனை, வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மாந்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க, ஸ்தோத்திரம்னும் வச்சுக்கங்க, எங்க வூட்ல ரெண்டும் ஓடும். நான் ஆர்.சி, அதாவது ரோமன் கத்தோலிக்கன், கிருஷ்ணகிரி பக்கத்துல கிராமம். வூட்டுக்காரம்மா டவுன், பரம்பரையா லுத்தரன், மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டண்ட் சபை. கல்யாணம் எங்க கோயில்லதான், ஆயர்கிட்ட (எங்க பிஷப்) அனுமதி எல்லாம் வாங்கி நடந்துச்சு, பொறக்குற குழந்தைய கத்தோலிக்கத்துல வளர்க்க என்னால ஆனத செய்வேன்னு நான் வாக்கும் குடுத்தேன், அப்ப யாருக்கும் அது பெருசா தெரியல. இப்ப பாப்பாவுக்கு அஞ்சு மாசம், மா சீசன் முடிஞ்சதும் ஞானஸ்நானம் வச்சிக்கலாம்னு பேசுனோம். மச்சான் ஞானத்தகப்பனா, அதான் ஞானஸ்நானத்துல குழந்தைக்கு பொறுப்பா கூட நிக்கறவரா, நிக்கறேன்னு ஆசையா வெள்ளை கவுனு வெள்ளி கொலுசுன்னு வாங்கி வச்சிட்டாரு. கோயில்ல போய் பேர் குடுத்தா லுத்தரன் ஆளு ஞானத்தகப்பனா நிக்க முடியாதுன்னுட்டாங்க. தாய்மாமன் இல்லாம எங்க பக்கம் காது கூட குத்த மாட்டாங்க, இது எப்படிங்க நியாயம்? மச்சான் மூஞ்ச தூக்கிட்டு போனவரு போன் எடுக்கல. எங்கம்மா இதுக்கு நடுவுல "மருமகளுக்கே மறுபடி ஞானஸ்நானம் குடுத்துடலாம்"னு ஒன்ன எடுத்து வுட்டாங்க, அன்னிக்கு அடுப்பே எரியல. இது பத்தாதுன்னு என் தம்பி, ஓசூர்ல வேலை, ரெண்டு வருசமா அங்க ஒரு ஜெப சபைக்கு போறான், "குழந்தைக்கு தண்ணி தெளிக்கிறது ஞானஸ்நானமே இல்ல, எங்க எழுதியிருக்கு காட்டு"ங்கறான். யார் சொல்றத கேக்கறது?

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
பிரதர் உங்க தம்பி சொல்றதுல தப்பு இல்ல. பைபிள்ல மாற்கு 16:16 எடுத்து பாருங்க, விசுவாசம் முதல்ல வருது ஞானஸ்நானம் அப்புறம். அஞ்சு மாச குழந்தை எத விசுவாசிக்கும்? நானும் சின்னதுல தெளிப்பு வாங்குனவன்தான், 24 வயசுல தண்ணியில முழுகி ஞானஸ்நானம் எடுத்தேன், எங்கப்பா ஒரு வருசம் பேசல. இப்ப குழந்தைய கர்த்தர்கிட்ட ஒப்புக்குடுத்து பிரதிஷ்டை பண்ணி ஜெபிங்க, பெருசானதும் அதுவே முடிவு பண்ணட்டும்.

பழையபேட்டை வாத்தியார்:
தம்பி, அதே புஸ்தகத்துல அப்போஸ்தலர் 16ஐயும் பாருங்க, சிறைச்சாலைக்காரன் வூட்டாரோட சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கறான், வூட்டார்னா அதுல கைக்குழந்தை இருந்துச்சா இல்லையான்னு நானும் நீங்களும் விடிய விடிய பேசலாம். வசனம் ரெண்டு பேர் கையிலயும் இருக்கு, அதுக்கு அர்த்தம் சொல்ற அதிகாரம் யாருக்குன்னுதான் சண்டை. ஆர்.சி-ல ஆயர், அவருக்கு மேல போப்பாண்டவர்னு ஒரு வரிசை. லுத்தரன் வேதம்தான் கடைசி வார்த்தைம்பான். சொல்லிட்டு அவனும் தனியா பிரிவான், அதையும் ஒளிக்காம சொல்லணும். நம்ம கிருஷ்ணகிரி லுத்தரன் மிஷனே அப்படி பொறந்ததுதான். நேதர்னு ஒரு ஜெர்மன் மிஷனரி, முதல்ல லைப்சிக் மிஷன்ங்கற ஜெர்மன் லுத்தரன் மிஷன்ல இருந்தவரு, வேதாகமம் முழுக்க தேவ ஏவுதலாங்கறதுல அவங்களோட முட்டிக்கிட்டு வெளிய வந்து, அமெரிக்காவோட மிசௌரி சினாட்ங்கற லுத்தரன் சபை ஆதரவுல 1895ல இங்க வேலைய ஆரம்பிச்சாரு. அதுல இருந்து வளந்ததுதான் ஐ.இ.எல்.சி (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை). லைப்சிக் வழியில வந்தவங்க 1919ல டி.இ.எல்.சி (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஆனாங்க, அவங்களுக்கு திருச்சியில பிஷப் உண்டு, ஐ.இ.எல்.சி-ல பிரசிடெண்ட். ரெண்டு பேர் கையிலயும் ஒரே ஞானோபதேசம்! பிஷப் வேணுமா வேணாமான்னே நாங்க ஒத்துப்போகல, இதுல உங்க மச்சான் விசயத்துக்கு நான் என்ன தீர்ப்பு சொல்ல. ஆனா அவரு கோவம் சபைய பத்தினது இல்ல தம்பி, மொறைய பத்தினது. நேர்ல போங்க, போன்ல வேணாம்.

உபதேசியார் பேரன், தர்மபுரி:
சார் அருமையா சொன்னீங்க, கேட்டவருக்கு வழிய நான் சொல்றேன். 1983 கத்தோலிக்க திருச்சபை சட்டத்துல 874ஆம் பிரிவு, ஞானத்தகப்பன் கத்தோலிக்கரா, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்த உறுதிப்படுத்துற சடங்கு) வாங்குனவரா இருக்கணும். ஏன்னா அவரு சும்மா குழந்தைய தூக்கிட்டு நிக்கற ஆள் இல்ல, அந்த விசுவாசத்துல வளர்க்க கூட நிக்கறவரு, லுத்தரன் மச்சான்கிட்ட போய் ஜெபமாலை சொல்லிக்குடுன்னு நாம கேக்க முடியுமா. ஆனா அதே பிரிவு ரெண்டாவது பத்தியில, வேற சபையில ஞானஸ்நானம் வாங்குனவரு ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோட சேந்து சாட்சியா நிக்கலாம்னு இருக்கு. இத யாரும் சொல்லாம வுட்டுடறாங்க, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கே சில நேரம் தெரியறதில்ல. ஞானப்பெற்றோர் ஒருத்தர் இருந்தாலே போதும் (873), உங்க அக்காவ ஞானத்தாயா போடுங்க, மச்சான் சாட்சி, பதிவேட்டுல சாட்சி பேரையும் எழுதணும்னு 877 சொல்லுது. பங்கு சாமியார நேர்ல பாத்து 874 ரெண்டாவது பத்தின்னு கேளுங்க. அப்புறம் உங்கம்மாகிட்ட சொல்லுங்க, லுத்தரன்ல பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால தண்ணி ஊத்தி குடுத்த ஞானஸ்நானத்த ஆர்.சி ஒத்துக்கும், மறுபடி குடுக்காது, கேக்கறதே அந்த பொண்ணுக்கு அவமானம்.

சி.எஸ்.ஐ பாட்டுக்குழு:
நடுவுல வரேன் மன்னிக்கணும். சேலம் தர்மபுரி பக்கம் எங்களது பழைய லண்டன் மிஷன், பிஷப்பே கிடையாது, 1947 செப்டம்பர் 27ல பல சபைங்க சேந்து சி.எஸ்.ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆனப்பதான் பிஷப் வந்தாரு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் "அந்த அங்கி எதுக்கு"ன்னுட்டே இருந்தாரு. இப்ப எங்க சண்டை நற்கருணைக்கு ரசம் குடிக்க ஒரே பாத்திரமா ஆளுக்கொரு சின்ன கப்பாங்கறதுல நிக்குது. அதுக்கு ஒரு திரி போட்டா நூறு பக்கம் போவும்.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
வாத்தியாரய்யா, வூட்டார்ல குழந்தை இருந்துச்சுன்னு அங்க எழுதல.

பழையபேட்டை வாத்தியார்:
இல்லைன்னும் எழுதல தம்பி. ஷிஃப்ட் முடிச்சு தூங்குங்க.

மாந்தோப்பு:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து சாமியார பாத்து பேசுனேன், சாட்சியா நிக்கலாம்னுட்டாரு, அவரே புஸ்தகத்த எடுத்து காட்டுனாரு. சாயங்காலம் நேரா மச்சான் வூட்டுக்கு போனேன். "சாட்சின்னா கோர்ட்ல நிக்கற மாதிரியா"ன்னு கேட்டாரு, சிரிக்கல. அரை மணி நேரம் கழிச்சு அவரே "கவுன் அளவு சின்னதா போயிருக்கும், பாப்பாவ ஒருநாள் தூக்கிட்டு வா"ன்னாரு. அம்மா இன்னும் ஒத்துக்கல, "சட்டம் எல்லாம் எனக்கு தெரியாது"ங்கறாங்க. தம்பி சாப்பாட்டுக்கு வருவானாம், கோயிலுக்குள்ள வரமாட்டானாம். சரி, அவனுக்கு வெளிய பந்தல்ல ஒரு சேர் போட்டுடறேன்.