முதல் ரேஸ் காருக்கு எந்த இன்லைன் சிக்ஸ்?

பின்வரிசைக்காரன்:
வணக்கம். மிச்சிகனில் இருக்கிறேன். இரண்டு வருடமாக மாஸ்டா மியாட்டா காரில் ஜிஞ்சர்மேன் டிராக்கில் ஓட்டிப் பழகுகிறேன். அடுத்த வருடம் மூன்று நண்பர்களோடு நீண்ட நேர அமெச்சூர் ரேஸில் இறங்க ஆசை. இன்லைன் சிக்ஸ், அதாவது ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள எஞ்சின்தான் வேண்டும், அந்தச் சத்தத்துக்கே மனசு போய்விட்டது. காருக்கும் எஞ்சின் வேலைக்கும் சேர்த்து 6000 டாலர். பிஎம்டபிள்யூவில் பழைய இ30 தலைமுறை 325ஐ, அடுத்த இ36 தலைமுறை 328ஐ, இல்லையென்றால் லெக்சஸ் ஐஎஸ்300. இவற்றில் எது?

செயின்சத்தம்:
328ஐ எடுங்கள் தம்பி. ஆறு வருடமாக அதைத்தான் ஓட்டுகிறேன்.

2793 சிசி, 190 குதிரைத்திறன். முதல் காருக்குத் தாராளம். இதன் எஞ்சின் பெயர் எம்52. ஐரோப்பாவில் விற்றதில் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பகுதி, அலுமினியம். வட அமெரிக்காவுக்கு வந்த இ36-இல் வார்ப்பிரும்பு. பழைய எஞ்சின் வாங்குகிற நமக்கு அதன் உறுதி பெரிய நிம்மதி. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்குச் செயின் வேறு. இ30-இன் எம்20 எஞ்சினில் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்துவிடும்.

ஆனால் பிளாக் தாங்கினாலும் அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம்தான், சூடேறினால் வளைந்துவிடும். என் முதல் எஞ்சின் அப்படித்தான் போனது. பழைய ரேடியேட்டரை மாற்றாமல் விட்டது என் தப்பு. அதன் பிளாஸ்டிக் கழுத்து நடு ரேஸில் உடைந்தது. இந்தக் காரில் டெம்பரேச்சர் முள் சூடு ஓரளவு கூடினாலும் நடுவிலேயே நிற்கும். அது நகர்ந்ததைப் பார்த்து ஓரம் கட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதனால் 6000-ஐயும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். 1500-ஐத் தனியாக எடுத்து வையுங்கள்: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் சூட்டைக் காட்டத் தனியாக ஒரு மீட்டர்.

அப்புறம் ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட் நட், அதாவது பம்பைச் சுழற்றும் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட். அதிக ஆர்பிஎம்மில் விடாமல் ஓட்டினால் அது கழன்றுவிடும். பம்ப் நின்றால் பேரிங்கும் போச்சு. நட்டில் துளை போட்டுக் கம்பியால் கட்டிவிடுங்கள். அதற்கு எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டும், அதைக் கழற்ற முன்பக்கச் சட்டமான சப்ஃப்ரேமை இறக்க வேண்டும். ஒரு முழுச் சனிக்கிழமை போகும், போகட்டும். திறந்த கையோடு உள்ளே பேஃபிள் தகடும் போடுங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்காது.

ஜேஇசட்பிரியன்:
நான் ஐஎஸ்300 வைத்திருக்கிறேன். அதிலுள்ள 2ஜேஇசட் அருமையான எஞ்சின், ஆனால் அதன் பலம் டர்போ போட்டால்தான் தெரியும். டர்போ இல்லாமல் ஓட்ட அவ்வளவு உறுதி தேவையில்லை. மேனுவல் கியர் உள்ளதும் எளிதில் கிடைக்காது. அண்ணன் சொல்வதே சரி.

பின்வரிசைக்காரன்:
நன்றி அண்ணா. முந்தைய எம்50 எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியை, எடுத்து மாற்றினால் நல்லது என்கிறார்களே?

செயின்சத்தம்:
மேல் ஆர்பிஎம்மில் நன்றாக மூச்சு விடும், கீழே இழுவை கொஞ்சம் குறையும். முதல் சீசனில் அதைத் தொடாதீர்கள். கார் பார்க்கப் போகும்போது சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் கொண்டுபோங்கள், ஆறு சிலிண்டரிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். கேஜ் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையதைத் தருகிறேன்.