மறியல் வழக்கு நிலுவையில் இருந்தால் ஊராட்சி வார்டுக்கு நிற்கலாமா?

கேள்வி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, மாணவர் அமைப்பிலும் களப்பணியிலும் இருந்தவர் சொந்த ஊரில் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்க விரும்புகிறார். வயது 23. கல்லூரிக் காலத்து மறியல் வழக்கு ஒன்று இன்னும் முடியவில்லை. வேட்புமனு தள்ளுபடி ஆகுமா? எதிலிருந்து தொடங்கணும்?

பதில் 1:
தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்திருந்தால் போதும். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே மனுவைத் தள்ள முடியாது, மறைத்தால்தான் வம்பு. மறியல் வழக்குகளில் நாலு பேர் பெயரை எழுதி "மற்றும் பலர்" என்று முடித்திருப்பார்கள். தன் பெயர் அதில் உண்டா என்றே பலருக்குத் தெரியாது. முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள். குற்ற எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு மூன்றும் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்துக்கு வேண்டும்.

வழக்கைவிட அதிகம் காலை வாருவது வாக்காளர் பட்டியல். விடுதி முகவரியில் பெயர் சேர்த்தவர் ஊர்ப் பட்டியலில் இருக்கமாட்டார். சட்டமன்றப் பட்டியலை வைத்தே ஊராட்சிப் பட்டியல் தயாராகிறது. அதனால் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 இப்போதே கொடுக்கணும். முன்மொழிபவரும் அதே வார்டு வாக்காளராக இருக்கணும். எதிர்வீட்டு நண்பர் பட்டியலில் அடுத்த வார்டாக இருப்பார், கவனம். வார்டு பெண்களுக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒதுக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

பதில் 2:
கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது. வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னமே கையில் வரும், பிரசாரத்துக்குச் சில நாட்கள்தான். 2019 தேர்தலில் டெபாசிட் 200 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 100. தோற்றாலும் செலவுக் கணக்கு கொடுத்தாகணும்.

வார்டு உறுப்பினர்தானே என்று இளக்காரமாக நினைக்கவேண்டாம். துணைத் தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரோடு துணைத் தலைவரின் ஒப்புதலும் இல்லாமல் ஊராட்சிப் பணம் நகராது.

பதில் 3:
ஊர் வாக்காளர்கள் கூடும் கிராம சபையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள் தோழர். அது கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாணவர் அமைப்பில் பழகியவர்கள் அங்கே முழக்கமாகப் பேசிவிட்டு வருகிறார்கள், பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. "தண்ணி வரலை" என்றால் போதாது. "கிழக்குத் தெருவில் மேடான பகுதிக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை, தெருமுனையில் தனி வால்வு வைக்கணும்" என்று வெள்ளைத் தாளில் எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு கொடுக்கணும். தீர்மானம் எழுதி வாசித்த பிறகே கலையுங்கள். வருகைக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு நிரப்புவது சில இடங்களில் நடக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகல் கேளுங்கள். அடுத்த சபைக்குப் போகும்போது அந்த நகல் கையில் இருக்கணும்.